அக்கா போனின் ஒரிஜினல் டிஸ்ப்ளேவை என் போன் ஏன் ஏற்க மறுக்கிறது?

வாசகர் கேள்வி:

என் போனின் டிஸ்ப்ளே உடைந்துவிட்டது. அக்காவிடமும் அதே மாடல்தான். அது தண்ணீரில் விழுந்து, போர்டு போய், இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்தது. டூல் கிட் வாங்கி, வீடியோ பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவள் டிஸ்ப்ளேவைக் கழற்றி என் போனில் மாட்டினேன். படம் வருகிறது, டச் வேலை செய்கிறது. ஆனால் பொத்தானில் கைரேகை பதிய மாட்டேன் என்கிறது. வெளிச்சத்துக்கு ஏற்ப திரையின் நிறம் மாறும் வசதி மெனுவிலிருந்தே காணாமல் போய்விட்டது. போதாக்குறைக்கு, "இந்த டிஸ்ப்ளே ஒரிஜினல்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை" என்று ஓர் அறிவிப்பு. அதே கம்பெனி, அதே மாடல், கம்பெனியே போட்ட டிஸ்ப்ளே. சர்வீஸ் சென்டரில் கேட்டால், வெளியே திறந்த போனைத் தொட மாட்டோம் என்கிறார்கள். திறந்தபோது பேட்டரி லேசாக உப்பியிருந்த மாதிரி தெரிந்தது. அடுத்த வாரம் அதையும் நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். வீட்டு பிரிண்டரும் "பாகத்தின் ஆயுள் முடிந்தது" என்று நின்றுவிட்டது. என் அப்பா ரேடியோ முதல் டேப் ரெக்கார்டர் வரை எல்லாவற்றையும் தன் கையாலேயே சரி செய்தவர். எனக்கு அந்தக் கை வரவில்லையா? இல்லை, நாம் தொடவே கூடாது என்றுதான் இவற்றைச் செய்கிறார்களா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

முதலில் பேட்டரி. மற்றதெல்லாம் அப்புறம். அந்த போனை இனி சார்ஜில் போடாதீர்கள். இன்று இரவு தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அடுத்த வாரம் நீங்களே மாற்றும் திட்டத்தையும் கைவிடுங்கள்.

லித்தியம் பேட்டரி உப்புவது ஏன் என்றால், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து வாயுவாகிறது. வெள்ளி நிறப் பை அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் நேர் தகட்டையும் எதிர் தகட்டையும் பிரித்து வைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அவ்வளவுதான். நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவர் நுனி அதைக் குத்தினாலோ பேட்டரி மடங்கினாலோ இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும். தொட்ட இடம் சூடாகும், அந்தச் சூடு பக்கத்து இடத்தைச் சிதைக்கும், அது இன்னும் சூடாகும். ஆரம்பித்துவிட்டால் ஊதி அணைக்கிற விஷயம் இல்லை அது. வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் கலந்திருக்கும், நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், அவசரத்தில் இரும்புப் பட்டையால் ஒரு பேட்டரியை நெம்பினேன். நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பாக ஒரு வாடை வந்தது. பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். தீப்பிடிக்கவில்லை, அது என் திறமையால் இல்லை. அன்றிலிருந்து என் மேசைக்கடியில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கிறது.

உங்களுடையது உப்பாத பேட்டரியாக இருந்தால் நீங்களே செய்யுங்கள் என்று சொல்லியிருப்பேன். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத் திறப்பது, பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றுவது, அடியில் இருக்கும் இழுபசை நாடாவைத் தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுப்பது. நாடா பாதியில் அறுந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஓரத்தில் சில சொட்டு விட்டு, பசை இளகக் காத்திருந்து, பிளாஸ்டிக் அட்டையாலோ கெட்டி நூலாலோ அறுத்து எடுப்பது. பொறுமை இருந்தால் போதும், வந்துவிடும். உப்பியதில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பை ஏற்கெனவே இழுபட்டு நிற்கிறது. சூடும் காட்டக்கூடாது, நெம்பவும் கூடாது. போனை அணைத்து, எளிதில் தீப்பற்றாத இடத்தில் வைத்து, பேட்டரி வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கழற்றிய பழைய பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள்.

சரி, இப்போது கைரேகை.

நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். உடைந்த பழைய டிஸ்ப்ளே எங்கே? தூக்கி எறிந்துவிடவில்லையே? அது இருந்தால் உங்கள் பிரச்சினையில் பெரிய பாதி இன்றே முடிந்தது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் மாடலில் கைரேகைப் பொத்தான் டிஸ்ப்ளேவின் கீழ்விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கிறது. அக்காவின் டிஸ்ப்ளேவை அப்படியே முழுசாக எடுத்து மாட்டியபோது அக்காவின் பொத்தானும் கூடவே வந்துவிட்டது. உங்கள் போர்டுக்கு அந்தப் பொத்தான் அந்நியம். தொழிற்சாலையிலேயே போர்டில் இருக்கும் பிராசஸருக்கும் கைரேகை சென்சாருக்கும் ஒரு ரகசியச் சாவியைப் பொதுவாகக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சென்சார் வந்தால் சாவி பொருந்தாது, பிராசஸர் அதோடு பேசாது. ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. உங்கள் பழைய டிஸ்ப்ளேவில் இருக்கும் உங்கள் பொத்தானைக் கழற்றி, அக்காவின் டிஸ்ப்ளேவில் பொருத்தினால் கைரேகை திரும்பி வந்துவிடும். எப்படிச் செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பூட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் சென்சார் அது. யாரோ ஒருவர் உங்கள் போனைப் பத்து நிமிடம் வாங்கி, உள்ளே வேறு சென்சாரை வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நிறுவனம் யோசிப்பது நியாயம். எவ்வளவு தூரம் பூட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு. சென்சாரை மட்டும் நிறுத்தினால் போதுமே, போனையே ஏன் சாகடிக்க வேண்டும்? இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. வெளியாட்களிடம் பொத்தானையோ டிஸ்ப்ளேவையோ மாற்றிய ஐபோன்கள், ஆப்பிளின் மென்பொருளைப் புதுப்பித்ததும் 'பிழை 53' என்று காட்டிவிட்டு முழுசாக முடங்கின. அதுவரை அந்த போன்களில் பேச்சு, கேமரா எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கூச்சல் எழுந்த பிறகு, 2016 பிப்ரவரியில் ஆப்பிள் அதைச் சரி செய்யும் மென்பொருளை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. வெளியே ரிப்பேர் பார்த்ததால் உங்களுக்கு நிவாரணம் கிடையாது என்று குறைந்தது 275 வாடிக்கையாளர்களுக்குத் தவறாகச் சொன்னதற்காக, 2018 ஜூனில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அடுத்தது, காணாமல் போன நிறம். இதற்கும் பழைய டிஸ்ப்ளேதான் வேண்டும்.

ஒவ்வொரு டிஸ்ப்ளேவையும் தொழிற்சாலையில் அளந்து, அந்த எண்களை டிஸ்ப்ளேவிலேயே ஒட்டியிருக்கும் ஒரு குட்டி மெமரி ஐசியில் (சிப்பில்) எழுதி வைக்கிறார்கள். போர்டு தன்னோடு பிறந்த டிஸ்ப்ளேவின் வரிசை எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. வேறு எண் வந்தால் நிறம் மாற்றும் வசதியை மெனுவிலிருந்து தூக்கிவிடுகிறது. போன் வேலை பார்ப்பவர்களிடம் 'புரோகிராமர்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பழைய டிஸ்ப்ளேவின் ரிப்பனை, அதாவது அதைப் போர்டோடு இணைக்கும் பட்டையான மெல்லிய ஒயரை, அதில் செருகி எண்களைப் படித்து, புதியதில் எழுதிவிடுவார்கள். கண்ணாடி உடைந்திருந்தால் பரவாயில்லை, ரிப்பனும் ஐசியும் உயிரோடு இருந்தால் போதும். சில நிமிட வேலை. பேட்டரிக்காக எப்படியும் ஒருவரிடம் போகப் போகிறீர்கள், பழைய டிஸ்ப்ளேவையும் கையோடு எடுத்துப் போங்கள். புரோகிராமர் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கைரேகைக்குச் சொன்ன நியாயத்தை இங்கே சொல்ல முடியாது. திரை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தால் எந்தத் திருடனுக்கு என்ன லாபம்? இது வெறும் அளவீடு. அதைப் புதிய டிஸ்ப்ளேவுக்கு எழுதிக் கொடுக்கும் கருவி நிறுவனத்திடம் இருக்கிறது, அதை உங்களுக்கும் எனக்கும் தராமல் வைத்திருப்பது அவர்கள் விருப்பம். 2021இல் வந்த ஐபோன் 13இல் இது இன்னும் ஒரு படி போனது. டிஸ்ப்ளேவை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே நின்றது. முகத்தைப் பார்க்கும் கேமரா இருப்பது டிஸ்ப்ளேவில் இல்லை, அது வேறு பாகம், அதை யாரும் தொடவில்லை. ஆனாலும் நின்றது. பழைய டிஸ்ப்ளேவில் இருக்கும் ஓர் ஐசியை மைக்ரோஸ்கோப்பின் கீழே பெயர்த்து, புதியதில் சால்டர் செய்தால்தான் வந்தது. டிஸ்ப்ளே மாற்றுவது எங்கள் தொழிலில் கற்றுக்குட்டிகளுக்குக் கொடுக்கிற வேலை, அது திடீரென்று கைதேர்ந்தவர் வேலையாகிவிட்டது. எதிர்ப்பு வந்தது, நிறுவனம் மென்பொருளில் அதை நீக்கியது. பாருங்கள், நீக்கியது ஒரு மென்பொருள்தான். அப்படியென்றால் அதை வைத்ததும் மென்பொருள்தானே?

அந்த அறிவிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அது எதையும் நிறுத்துவதில்லை. போனைச் செகண்ட் ஹேண்டில் விற்கும்போது வாங்குபவருக்கு இதில் டிஸ்ப்ளே மாறியிருக்கிறது என்று தெரிவது நல்லதுதான், நானே அப்படி வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் செய்து பாருங்கள். போனின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, அமைப்புகளில் பாகங்கள், சர்வீஸ் பற்றிய பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். சமீப காலத்தில் சில நிறுவனங்கள் இறங்கி வந்திருக்கின்றன. இன்னொரு போனிலிருந்து எடுத்த ஒரிஜினல் பாகத்தைப் பொருத்தி, அதன் அளவீட்டை போனிலேயே இறக்கிக்கொள்ளும் வசதியை 2024இல் ஆப்பிள் தன் புதிய மாடல்களுக்குக் கொடுத்தது. கூடவே, திருட்டுப்போன போனிலிருந்து கழற்றிய பாகமாக இருந்தால் அந்த அளவீடு இறங்காதபடியும் செய்தது. இதைத்தான் நான் நியாயமான பூட்டு என்பேன். அக்காவின் போன் இன்னும் அவர் கணக்கில் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, அவரையே நீக்கச் சொல்லுங்கள். போர்டு செத்திருந்தாலும் இணையத்தில் அவர் கணக்குக்குள் போய் நீக்க முடியும். இப்படிப்பட்ட போன்களில் இதைச் செய்யாமல் பாகத்தை மாற்றினால், அக்காவிடமிருந்து திருடியவர் மாதிரி நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

இனி அப்பா விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு மனதில் தைத்தது அதுதான்.

அப்பா திறந்த ரேடியோவின் பின்மூடி உங்களுக்கு நினைவிருக்கிறதா? பல ரேடியோக்களிலும் டிவிகளிலும் உள்பக்கத்திலேயே சர்க்யூட் படத்தை ஒட்டி அனுப்புவார்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்றுகூடச் சிலவற்றில் எழுதியிருக்கும். இதே ஆப்பிள் நிறுவனம் தன் ஆரம்ப காலக் கணினியான ஆப்பிள் 2க்கு 1978இல் வெளியிட்ட கையேட்டில் முழு சர்க்யூட் படமும் இருந்தது. ரெசிஸ்டரின் நிற வளையத்தைப் பார்த்தே மதிப்பைச் சொல்லலாம். வேறு கம்பெனி ரெசிஸ்டரைப் போட்டாலும் ரேடியோ யாருடையது என்று கேட்காது. அப்பாவுக்கு நல்ல கை இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கைக்குப் பக்கத்தில் படமும் இருந்தது, பாகமும் கிடைத்தது.

இப்போதைய போன் போர்டில் ஆயிரத்துக்கும் மேல் பாகங்கள். சில கெப்பாசிட்டர்கள் 0.4 மில்லிமீட்டர் நீளம், 0.2 மில்லிமீட்டர் அகலம். தும்மினால் பறந்துவிடும், நிஜமாகவே பறந்திருக்கிறது, முட்டி போட்டுத் தேடியிருக்கிறேன். அப்பாவே வந்தாலும் மைக்ரோஸ்கோப் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கஷ்டத்துக்கு யாரையும் திட்ட முடியாது. சட்டைப்பையில் அடங்கும் கணினி வேண்டும் என்று கேட்டது நாம்தான். பசையும் பாதிக்குப் பாதி அப்படித்தான். தண்ணீர் புகாமல் இருக்கவும், மெல்லியதாக இருக்கவும் ஒட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது. (நீங்கள் திறந்து மூடியதில் அந்த ஒட்டு போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புது ஒட்டு நாடா வாங்கிப் போடுங்கள். போட்டாலும் பழைய நம்பிக்கையில் மழையில் எடுத்துப் போகாதீர்கள்.)

ஆனால் சர்க்யூட் படத்தைப் பூட்டி வைத்ததற்கு அளவு காரணம் இல்லை. ஒரு சார்ஜிங் ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் கிடைக்கும் ஐசியிலேயே சின்ன மாற்றம் செய்து, அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் என்று தயாரிப்பார்கள், வெளியே விற்க மாட்டார்கள். ஐசி போனால் எங்களுக்கு ஒரே வழிதான். செத்த போர்டு ஒன்றை வாங்கி, அதிலிருந்து பெயர்த்து எடுப்பது. 'டோனர் போர்டு', அதாவது பாகம் தானம் தரும் போர்டு என்போம். சர்க்யூட் படமும் எங்கிருந்தோ கசிந்து வந்ததாகத்தான் இருக்கும். கடையில் பத்து ரூபாய் ஐசி வாங்குவதுபோல நடக்க வேண்டிய வேலைக்கு ஒரு பிணத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

ஸ்க்ரூவையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து இதழ் பூ மாதிரித் தலை உள்ள அந்த ஸ்க்ரூவை ஆப்பிள் 2009இல் ஒரு மடிக்கணினியின் பேட்டரியைப் பிடிக்கப் போட்டது. பிறகு ஐபோன் 4இன் வெளிப்புறத்துக்கு வந்தது. நின்டெண்டோ விளையாட்டுக் கருவிகளில் மூன்று இறக்கை ஸ்க்ரூ. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூவைவிட இவை அப்படியொன்றும் இறுக்கமாகப் பிடித்துவிடவில்லை. திறக்காதே என்று சொல்வதற்கான ஒரு பலகை, அவ்வளவுதான். இன்று எந்த டூல் கிட்டிலும் அதற்கான பிட் வருகிறது, நீங்களும் திறந்துவிட்டீர்கள். பூட்டுகளிலேயே சோப்ளாங்கி இதுதான்.

ஆக, உங்கள் கையில் குறை இல்லை. ஒரு டிஸ்ப்ளேவைப் பத்திரமாகக் கழற்றி, இன்னொரு போனில் மாட்டி, டச் வேலை செய்ய வைத்திருக்கிறீர்கள். முதல் முயற்சியிலேயே. என் கடைக்கு வேலை கற்க வரும் பையன்கள் பலர் முதல் டிஸ்ப்ளேவில் ரிப்பனைக் கிழித்துவிடுவார்கள். ஒரே ஒரு தப்பு செய்தீர்கள். ஸ்க்ரூ எப்படி, பசை எப்படி என்று வீடியோ பார்த்தீர்கள், அந்த மாடலில் எந்தப் பாகம் எதோடு ஜோடி போட்டிருக்கிறது என்று தேடவில்லை. ஸ்க்ரூவும் பசையும் கை வேலை, பழகப் பழக வரும். ஜோடி போட்ட பாகம் எத்தனை வருடம் பழகினாலும் வராது. 25 வருட அனுபவத்தோடு நான் மாட்டினாலும் அந்தப் பொத்தான் என்னிடமும் பேசியிருக்காது. அடுத்த முறை எதைத் திறப்பதானாலும் மாடல் பெயரோடு, எந்தப் பாகத்தை மாற்றினால் எந்த வசதி போகும் என்று முதலில் தேடுங்கள்.

பிரிண்டருக்கு நல்ல சேதி. அது பெரும்பாலும் கெட்டுப்போகவே இல்லை. இங்க்ஜெட் பிரிண்டர் தன் தலையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் மையை வெளியே தள்ளும். அது அடியில் இருக்கும் பஞ்சு மெத்தையில் போய்ச் சேரும். மெத்தை எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்கும் சென்சார் பெரும்பாலான பிரிண்டர்களில் கிடையாது. எத்தனை முறை சுத்தம் செய்தோம் என்று மென்பொருள் எண்ணிக்கொண்டே வரும். எண் எல்லையைத் தொட்டதும் "ஆயுள் முடிந்தது" என்று நின்றுவிடும். மை வழிந்து மேசையெல்லாம் ஆகாமல் இருக்க ஓர் எல்லை தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. முடிந்தது ஒரு பஞ்சின் ஆயுள் என்று சொல்லாமல், பிரிண்டரின் ஆயுளே முடிந்த மாதிரிப் பேசுவதுதான் எரிச்சல். புது மாடல்கள் சிலவற்றில் இந்தப் பஞ்சைக் கழற்றி மாட்டும் பெட்டியாகவே வைத்திருக்கிறார்கள். உங்களுடையது அப்படியா என்று பின்பக்கம் பாருங்கள். இல்லையென்றால் பஞ்சை மாற்றிவிட்டு எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். அதற்கான மென்பொருள் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் கிடைத்தால் எடுங்கள், கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள். இந்த ரீசெட் மென்பொருள் என்ற பேரில் வைரஸ் வந்து குவிந்த கணினிகள் மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வருகின்றன. பிரிண்டர் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்தால் பஞ்சையும் மாற்றி, எண்ணையும் அழித்துக் கொடுத்துவிடுவார். கையுறை போடாமல் நீங்கள் பஞ்சில் கை வைத்தால் ஒரு வாரத்துக்கு விரல் நீலமாக இருக்கும், அது வேறு.

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்யத் தொடங்கியிருக்கிறது, இடத்துக்கு இடம் வேகம் வேறு. பிரான்சில் 2021 ஜனவரி முதல் போன், மடிக்கணினி போன்றவற்றின் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே, இதைச் சரி செய்வது எவ்வளவு சுலபம் என்று 10க்கு மதிப்பெண் போட வேண்டும் என்று வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் போட்ட சட்டம்தான் உங்கள் பிரச்சினையை நேராகத் தொடுகிறது. பாகத்தை ஜோடி போட்டு, வெளியாள் மாற்றினால் வசதியைக் குறைப்பது அங்கே தடை, 2025 முதல் தயாராகும் சாதனங்களுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் முக்கிய உதிரி பாகங்கள் கிடைத்தாக வேண்டும். ஒரே டிசைனை உலகம் முழுக்க விற்கும் நிறுவனம் ஓர் இடத்துக்காகப் பூட்டைத் தளர்த்தினால் அது மற்ற இடங்களிலும் தளர வாய்ப்புண்டு. அடுத்த போன் வாங்கும்போது, அந்த மாடலின் ரிப்பேர் கையேட்டை நிறுவனமே வெளியிட்டிருக்கிறதா, பேட்டரி தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்ற இரண்டையாவது பார்த்துவிட்டு வாங்குங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்க்கும் நேரத்தில் பாதி போதும்.

சர்வீஸ் சென்டர்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முன்னால் நிற்கும் பையனுக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை, கணினித் திரை சொல்வதைத்தான் அவன் திருப்பிச் சொல்கிறான். உத்தரவாதக் காலம் இன்னும் பாக்கி இருந்தால் மட்டும், எந்தக் காரணத்துக்காக மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொத்தான். பேட்டரியை மாற்றி முடித்த பிறகு இதை நீங்களே செய்யலாம். உங்களுக்கு இருக்கும் பொறுமைக்கு வந்துவிடும்.

முதலில் அக்காவின் பொத்தானைக் கழற்றிப் பழகுங்கள். அது கிழிந்தாலும் நஷ்டமில்லை, எப்படியும் வேறு போர்டோடு பேசாது. பொத்தானின் ரிப்பன் டிஸ்ப்ளேவின் பின்புறத் தகட்டில் பசையால் ஒட்டியிருக்கும். ஹேர் டிரையரால் அந்த இடத்தை மட்டும், கை வைத்தால் சுடுகிற அளவுக்கு ஒரு நிமிடம் சூடாக்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் துண்டை ரிப்பனுக்கு அடியில் விட்டு, ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். இழுக்காதீர்கள். பொத்தானைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதை முன்பக்கத்திலிருந்து விரலால் லேசாக அழுத்திப் பிரியுங்கள். ஒருமுறை பழகிவிட்டு, உங்கள் பழைய டிஸ்ப்ளேவில் இருக்கும் உங்கள் பொத்தானுக்கு வாருங்கள். உலகத்தில் உங்கள் போனோடு பேசக்கூடிய ஒரே பொத்தான் அதுதான். ஒரு வாடிக்கையாளரின் பொத்தான் ரிப்பன் என் கையிலேயே கிழிந்திருக்கிறது. அந்த மாடலுக்கு வேறு பொத்தான் எதைப் போட்டாலும் கைரேகை வராது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அவசரமாக இருக்கும் நாளில் இதைத் தொடாதீர்கள்.

மாட்டி மூடும்போது ஸ்க்ரூக்களைக் கவனியுங்கள். ஒரு தாளில் போனின் படத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டி வையுங்கள். ரிப்பன் கனெக்டர்களை மூடும் தகட்டில் நான்கு ஸ்க்ரூ இருந்தால் நான்கும் ஒரே நீளமாக இருக்காது. வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. நீளமானதைக் குட்டைக் குழியில் போட்டு இறுக்கினால், அது போர்டுக்குள் இறங்கி உள் அடுக்கில் ஓடும் கம்பித் தடத்தை அறுத்துவிடும். அதற்குப் பிறகு டிஸ்ப்ளே வராது, என்னாலும் பெரும்பாலும் சரி செய்ய முடியாது. நீங்கள் போன முறை மூடியபோது எப்படியோ தப்பித்திருக்கிறீர்கள். எந்த ஸ்க்ரூவாவது சுலபமாக உட்காராமல் அடம் பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்ததை எடுத்துப் பாருங்கள்.